குற்றம் பூனையுடையதா?

(இரண்டாமாண்டு பி.எஸ்சி., விலங்கியல்)

பூனையைப் பற்றிய கட்டுரையா என்று நண்பர்கள் சிலர் நகைக்கக்கூடும். நாட்டில் எழுதுவதற்கு வேறு பொருளே கிடைக்கவில்லையா என்றும் கேட்கக்கூடும். அதிலும் பூனைக்குட்டி எங்கே மலங்கழிக்க வேண்டும் என்பதைப் பற்றி ஆண்டு மலரில் நான்கு பக்கம் எழுதலாமா? எழுதலாம் என்பதே என் எண்ணம். ஆசிரியப் பெருமக்கள் முகஞ்சுளிக்காமல் படிக்க வேண்டுகிறேன். ஒரு வீட்டில் ஒரு ஜீவன் இருப்பதா, சாக்குக்குள் கட்டப்பட்டு ஊர் எல்லைக்குப் போவதா என்பதை இந்தச் சின்ன விஷயம்தான் தீர்மானிக்கிறது. எங்கள் வீட்டிலும் அது ஏறக்குறையத் தீர்மானமாகிவிட்டது.

எங்கள் வீடு பாளையம்பட்டியில் இருக்கிறது. அப்பா நெசவு செய்கிறார். அருப்புக்கோட்டை வட்டாரத்தில் விசைத்தறியின் ஓசை தெருவுக்குத் தெரு கேட்டாலும், எங்கள் வீட்டில் இன்னும் குழித்தறிதான். குழித்தறியைப் பார்த்திராத நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. தரையில் இடுப்பளவு குழி இருக்கும். நெய்பவர் குழியின் விளிம்பில் அமர்ந்து, கால்களை உள்ளே தொங்கவிட்டு மிதியை மிதிப்பார். வீட்டின் வருமானம் முழுதும் அந்தக் குழியில் இறங்கும் இரண்டு கால்களில் இருக்கிறது.

கார்த்திகை மாதம் ஒரு விடியற்காலையில் அப்பா வழக்கம்போல் காலை உள்ளே விட்டார். விட்ட வேகத்தில் எடுத்தார். பிறகு அவர் பேசிய பேச்சை ஆண்டு மலரில் அச்சிட முடியாது.

அந்தக் குட்டி ஐப்பசி அடைமழையில் எங்களிடம் வந்தது. தாய்ப்பூனை நான்குவழிச் சாலையில் வண்டியில் அடிபட்டு இறந்துவிட்டது. மற்றக் குட்டிகள் என்னவாயின என்று தெரியவில்லை. இது ஒன்று மட்டும் எங்கள் வீட்டு விறகுக்கட்டுக்கு அடியில் கத்திக்கொண்டு கிடந்தது. ஐந்து வாரக் குட்டி இருக்கும். சாம்பல் நிறம், வாலில் வளையங்கள். நான் தூக்கி வந்தேன். ஆகையால் அதன் குற்றங்களுக்கெல்லாம் ஜாமீன்தாரர் நான்தான்.

"தாய் சொல்லிக் கொடுக்காத குட்டி. அதுக்கு எங்க போறதுன்னு எப்படித் தெரியும்?" என்றார் அம்மா. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அது தவறு. பிறந்து மூன்று வாரம் வரை பூனைக்குட்டியால் தானாக மலஜலம் கழிக்க முடியாது. தாய் நாவால் நக்கித் தூண்டிவிட வேண்டும். ஆனால் அதற்குப்பின், ஏறக்குறைய நான்காவது வாரத்திலிருந்து, பொலபொலப்பான மண்ணைக் கண்டால் காலால் பறிக்கவும் இருந்துவிட்டு மூடவும் அதற்குத் தானாகவே வந்துவிடும். யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வறண்ட நிலத்தில் திரிந்த காட்டுப்பூனை என்பதை 2007-ஆம் ஆண்டு வெளிவந்த மரபணு ஆராய்ச்சி உறுதி செய்தது. மணலிலும் புழுதியிலும் வாழ்ந்த அந்தக் குலத்தின் பழக்கம் பாளையம்பட்டிக் குட்டியின் பாதம் வரை வந்திருக்கிறது.

அப்படியானால் எங்கள் குட்டி செய்தது என்ன? வெளியே ஒரே சகதி. கால் வைக்க இடமில்லை. தெருவில் நாய்கள். வீட்டுக்குள்ளோ சிமெண்டுத் தரை. எங்கும் மூட மண் இல்லை, ஓரிடத்தைத் தவிர. அங்கே இருட்டு உண்டு, காய்ந்த பொடிமண் உண்டு, இரவில் ஆளரவம் இல்லை. ஒரு பூனை தனக்குக் கழிவறை கட்டச் சொல்லி வரைபடம் கொடுத்திருந்தால் அது எங்கள் தறிக்குழியைப் போலத்தான் இருந்திருக்கும். அது ஒழுங்கு தவறவில்லை. மிகவும் ஒழுங்காக நடந்துகொண்டது. அப்பாவின் கால் அங்கே வரும் என்பது அதன் கணக்கில் இல்லை, அவ்வளவுதான்.

இதையெல்லாம் நான் அன்றே உணர்ந்தேன் என்று பெருமையடித்துக் கொள்ள முடியாது. பக்கத்து வீட்டு அத்தை ஒரு வழி சொன்னார்: மூக்கைப் பிடித்து அதன் அசிங்கத்திலேயே தேய்த்து இரண்டு அடி வைத்தால் மறுபடி செய்யாது. நான் செய்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. குட்டி மறுபடி அந்த மூலையில் இருக்கவில்லை என்பது உண்மை. குழியின் இன்னும் ஆழமான மூலைக்குப் போயிற்று. என்னைக் கண்டால் ஓடவும் கற்றுக்கொண்டது.

தெனாலிராமன் பூனை கதை நமக்கெல்லாம் தெரியும். கொதிக்கும் பாலில் வாய் வைத்துச் சூடுபட்ட பூனை, பிறகு பாலைக் கண்டாலே ஓடியது. அந்தக் கதையைச் சிரித்துப் படித்தோமே தவிர, அதில் இருக்கும் விஞ்ஞானத்தைப் பார்த்தோமா? பூனை வலியையும் அப்போது எதிரே இருந்த பொருளையும் சேர்த்து முடிச்சுப் போடுகிறது, காரணத்தை ஆராய்வதில்லை. எப்போதோ செய்ததற்காக இப்போது அடித்தால், அடித்தவரும் அடித்த இடமும்தான் அதன் மனத்தில் நிற்கும். பாவ்லாவின் நாயைப் பற்றி ஐந்து மதிப்பெண் வினாவுக்கு விடை எழுதிய நான், பாவ்லாவை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டு அத்தையைப் பின்பற்றினேன்.

இதைவிடப் பெரிய பிழை அடுத்து நடந்தது. குழியில் வாடை போகவேண்டும் என்று கறுப்புப் பினாயிலை நிறைய ஊற்றினேன். நம் வீடுகளில் சுத்தம் என்றாலே பினாயில்தானே! அன்று மாலை குட்டியின் வாயில் நுரை தள்ளியது. நடக்கும்போது கால் பின்னியது. பினாயில் ஈரத்தில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கியிருக்கிறது. சோப்பும் தண்ணீரும் கொண்டு நான்கு பாதங்களையும் கழுவித் துண்டில் சுற்றிக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். இரண்டு நாள் கழித்துத்தான் அது பால் குடித்தது. பீனால் வகைப் பொருள்களை மனித உடல் குளுகுரோனிக் அமிலத்தோடு இணைத்து வெளியேற்றிவிடும். பூனைக்கு அந்த வேலையைச் செய்யும் நொதி போதிய அளவில் இல்லை. நமக்குத் தலைவலிக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் ஒரு மாத்திரை பூனையைக் கொல்லக்கூடியது என்பதற்கும் காரணம் இதுதான். குளுகுரோனிக் அமிலம் எங்கள் பாடத்தில் இருக்கிறது. பினாயில் எங்கள் வீட்டில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு குட்டி சாகக் கிடக்க வேண்டியிருந்தது.

பினாயில் ஊற்றியதால் வாடையாவது போயிற்றா என்றால் அதுவும் இல்லை. பூனையின் சிறுநீரில் ஃபெலினின் என்ற, கந்தகம் கலந்த ஒரு பொருள் இருக்கிறது. அது நாள் செல்லச் செல்லச் சிதைந்து நாற்றத்தைக் கூட்டும். யூரியா பாக்டீரியாவால் அம்மோனியாவாகும். மனித மூக்குக்குப் பினாயில் அதை மூடிவிட்டது போலத் தோன்றும். பூனையின் மூக்கு அடியில் இருப்பதை அறிந்து "இதுதான் நம் இடம்" என்று திரும்ப வரும். மண்ணையே அகற்றுவதுதான் வழி. சிமெண்டுத் தரையாக இருந்தால் சோப்பு நீரில் கழுவி, வினிகர் கலந்த நீரால் துடைத்துக் காயவிட வேண்டும். பிளீச்சிங் பவுடரைச் சிறுநீரின்மேல் கொட்டவே கூடாது. அம்மோனியாவோடு சேர்ந்து மூச்சைக் கெடுக்கும் வாயு உண்டாகும்.

இந்த நிலையில்தான் அக்கா வளைகாப்பு முடிந்து பேறுகாலத்துக்காக வீட்டுக்கு வந்தாள். ஏழாம் மாதம். வந்தவர்கள் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள், பிறகு பூனையைப் பார்த்தார்கள். பூனை முடி வயிற்றுப்பிள்ளைக்கு ஆகாது, அதன் மூச்சு ஆகாது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அம்மா சாக்கை எடுத்து வெளியே போட்டார். "திருச்சுழிப் பக்கம் போற வண்டி ஏதாச்சும் இருந்தா ஏத்தி விட்ருவோம். குண்டாத்துக்கு அங்கிட்டு விட்டா வராது" என்றார் அப்பா.

வந்தவர்கள் சொன்னது முழுதும் மூடநம்பிக்கை என்று நான் வாதாடியிருக்கலாம். அது நேர்மையாகாது. அவர்கள் சொன்ன காரணம் தவறு. பயம் முழுக்கத் தவறல்ல. டாக்ஸோபிளாஸ்மா என்று ஓர் ஒருசெல் ஒட்டுண்ணி உண்டு. 1908-இல் டூனிஸ் நகரில் ஒரு சிறு கொறிக்கும் பிராணியில் முதலில் காணப்பட்டது. அது முழு வாழ்க்கைச் சுழற்சியை முடிப்பது பூனைக் குடும்பத்தின் குடலில்தான். முதன்முதலாக எலியோ குருவியோ பிடித்துத் தின்னும் இளம் பூனைக்கு அது தொற்றினால், ஒன்று முதல் மூன்று வாரங்கள் வரை அதன் மலத்தில் கிருமியின் முட்டை போன்ற நிலை வெளிவரும். கர்ப்பிணிக்கு முதல் தடவையாக அந்நாளில் தொற்றினால் சிசுவைப் பாதிக்கலாம். எங்கள் குட்டிக்கு அப்போது மூன்று மாதம்; எலி பிடிக்கத் தொடங்கியிருந்த பருவம். ஆகவே வந்தவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் அதே பாடத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது. மலத்தோடு வெளிவரும் அந்தக் கிருமி உடனே தொற்றாது. தொற்றும் நிலையை அடைய ஒரு நாள் முதல் ஐந்து நாள் வரை ஆகும். அன்றாடம் அள்ளிப் புதைத்தால் அபாயம் பெரிதும் குறைந்துவிடும். கர்ப்பிணி அந்த வேலையைச் செய்யக்கூடாது. செய்தவர் கையைச் சோப்பால் கழுவ வேண்டும். முடியாலும் மூச்சாலும் அது பரவுவதில்லை. சரியாக வேகாத இறைச்சியும் கழுவாத கீரை, காய்கறியும் அதே கிருமியைக் கொண்டுவரலாம். அவற்றை யாரும் சாக்கில் கட்டவில்லையே!

ஆகக் கேள்வி ஒன்றுதான். குட்டி எங்கே இருக்கிறது என்பது நமக்குத் தெரிந்து, அதைத் தினமும் அள்ள முடியுமா? முடியும் என்று நான் சொன்னேன். ஒரு வாரம் கெடு வாங்கினேன்.

முதல் முயற்சி ஒரு சாந்துச் சட்டி. கொல்லையில் கிடந்ததை எடுத்து மண் நிரப்பி, குட்டியின் பால் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே வைத்தேன். குட்டி விளிம்பில் கால் வைத்ததும் அடி உருண்ட சட்டி சாய்ந்தது. அது துள்ளி ஓடியது. சாப்பிடும் இடத்தருகே எந்தப் பூனையும் அசுத்தம் செய்யாது என்பதும் எனக்குத் தோன்றவில்லை. இரண்டு நாள் வீணாயிற்று.

அப்போது அப்பத்தா குறுக்கிட்டார். இங்கே எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் வீட்டில் கழிவறை கட்டினோம். கட்டி முடித்து ஓராண்டு வரை அப்பத்தா அதில் கால் வைக்கவில்லை. விடியும் முன் செம்பை எடுத்துக்கொண்டு சீமைக்கருவேலங் காட்டுக்குத்தான் போவார். அப்பா கோபித்தார். நானும் பள்ளியில் படித்த சுகாதாரத்தையெல்லாம் ஒப்பித்தேன். அவர் அசையவில்லை. காரணம் யாரும் கேட்கவில்லை. ஒருநாள் அவரே சொன்னார்: உள்ளே இருட்டு, கதவை அடைத்தால் மூச்சு முட்டுகிறது, முட்டி மடக்கி எழுந்திருக்கப் பிடிமானம் இல்லை. அப்பா சுவரில் ஒரு கம்பி பதித்தார், ஒரு பல்பு போட்டார். காடு அத்தோடு நின்றது.

"என்னைய கொஞ்ச நாளா வையிறீக? எனக்கு என்ன தோதுன்னு கேட்டப்புறந்தான வந்தேன். அதுக்கு வாயில்ல, நீதான் பாத்துத் தெரிஞ்சுக்கிறணும். குழி மண்ணு அதுக்குப் புடிச்சிருக்கு. அந்த மண்ணையே கொண்டாந்து போடு" என்றார் அப்பத்தா.

நான் படித்த எந்தப் புத்தகமும் இதைவிடத் தெளிவாகச் சொல்லவில்லை.

பழைய பாமாயில் கேன் ஒன்றை நீளவாக்கில் அறுத்துத் தட்டையான தொட்டியாக்கினேன். குட்டி ஏறி இறங்க ஒரு பக்கத்தைத் தாழ்வாக வெட்டி, விளிம்பைத் தேய்த்து மழுக்கினேன். மண்தான் பெரிய ஆராய்ச்சியாகிவிட்டது. முதலில் கரிசல் மட்டும் போட்டேன். நம் கரிசலின் குணம் தெரியாதவர் யார்? நனைந்தால் பசை, காய்ந்தால் பாளம். குட்டியின் பாதமெல்லாம் அப்பிக்கொண்டு வீடு முழுதும் கறுப்புக் கோலம். அடுப்புச் சாம்பல் போடலாம் என்றார் அம்மா. சாம்பல் காரம், அம்மோனியா வாடையைத் தூக்கிக் கொடுக்கும் என்று நான் மறுத்தேன். கடைசியில், பக்கத்தில் வீடு கட்டி மிஞ்சிய மணலைச் சலித்து மூன்று பங்கும், உடைத்துப் பொடித்த கரிசல் ஒரு பங்கும் கலந்தேன். நான்கு விரற்கடை ஆழம். மேலே தறிக்குழியிலிருந்து எடுத்த மண் ஒரு கை.

இதில் ஒரு வேடிக்கை. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் 1947-இல் எட்வர்ட் லோ என்பவரிடம் அண்டை வீட்டம்மாள் பூனைக்குப் போட மணல் கேட்டார். அவர் மணலுக்குப் பதிலாக எண்ணெய்க் கசிவை உறிஞ்சப் பயன்படும் களிமண் துகளைக் கொடுத்தார். பிறகு அதையே பைகளில் அடைத்து விற்றுப் பெருஞ்செல்வரானார். இன்று நனைந்ததும் கட்டியாகும் பூனை மண் என்று கடைகளில் விலைக்கு விற்பது பெண்டோனைட் களிமண். அதன் முக்கியக் கனிமம் மாண்ட்மோரிலோனைட். நம் கரிசல் மழையில் ஊதுவதற்கும் கோடையில் வெடிப்பதற்கும் காரணமான களிமண் கனிமங்களும் அதே குடும்பம்தான். அப்பத்தாவுக்கு மிச்சிகன் எங்கே இருக்கிறது என்று தெரியாது.

தொட்டியை வைக்க இடம் அப்பாவே காட்டினார்: தறிக்கூடத்தின் பின்மூலை, பாவு சுற்றிய உருளைக்கு அப்பால். சாப்பாட்டு இடத்துக்குத் தூரம். ஆள் நடமாட்டம் குறைவு. குழியின் மேல்மண்ணை ஒரு சாண் வெட்டி எடுத்து வெயிலில் கொட்டிவிட்டு, செம்மண் போட்டுக் கெட்டித்தோம். தறி ஓடாத நேரத்தில் பலகை போட்டு மூடினோம். குட்டி தூங்கி எழுந்ததும், தின்று முடித்ததும், ஓடி விளையாடிக் களைத்ததும் தூக்கிக் கொண்டுபோய்த் தொட்டியில் விடுவது என் வேலை. கையைப் பிடித்துத் தோண்டிக் காட்டவெல்லாம் இல்லை. விடுவது, விலகி நிற்பது, அவ்வளவே. மூன்றாம் நாள் காலை தொட்டியில் சிறு மேடு ஒன்று கண்டேன். பரீட்சையில் முதல் வகுப்பு வந்தபோதுகூட அவ்வளவு மகிழ்ச்சியடையவில்லை. நான் குதித்ததைப் பார்த்து அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

தினமும் விடியலில் அள்ளி, வேலியோரம் முழ ஆழக் குழியில் புதைக்கிறேன். அக்கா அந்தப் பக்கம் போவதில்லை. ஆறாம் நாள் ஒரு தடவை தவறியது. நான் கல்லூரி விட்டு வரத் தாமதமாகி, தொட்டியை இரண்டாம் முறை பார்க்காமல் விட்ட நாள் அது. குட்டி தார்க்கூடையில் இருந்துவிட்டது. அம்மா கணக்கில் சேர்த்தார். அப்பத்தா தள்ளுபடி செய்தார்.

கழிவறைப் பிரச்சினை தீர்ந்ததால் குட்டி சாதுவாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பறப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கும்; திடீரென்று பாயும். ஒருநாள் பாவில் ஒன்பது இழை அறுந்தது. கஞ்சித் தொட்டியில் விழுந்து வெள்ளைப் பூனையாக எழுந்தது. என் பரிசோதனைக் குறிப்பேட்டில், தவளையின் இதயம் வரைந்த பக்கத்தைக் கடித்துவிட்டது. கையொப்பமிட்ட பேராசிரியர் காரணத்தை நம்பியதாகத் தெரியவில்லை. இவை சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. நூல் மட்டும் அப்படியல்ல. பூனையின் நாக்கில் உள்முகமாகச் சாய்ந்த முட்கள் இருப்பதால், வாயில் போன நூலைத் துப்ப அதனால் முடியாது; விழுங்கிக்கொண்டே போகும். குடலில் அது சுருக்குப் போட்டுக் கிழித்துவிடும். வாயிலோ பின்புறத்திலோ நூல் தொங்கக் கண்டால் இழுக்கக் கூடாது. மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். நெசவாளர் வீடுகளுக்கு இதை உரக்கவே சொல்கிறேன். எங்கள் வீட்டில் கண்டும் தாரும் இப்போது மூடிபோட்ட டின்னில் இருக்கின்றன. அதனால் அறுந்த நூல் தரையில் சிதறுவதும் குறைந்தது என்று அம்மா ஒப்புக்கொள்கிறார். பூனையால் என்று மட்டும் சொல்லமாட்டார்.

சாக்கு விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊர்ப்பக்கம் இதை யாரும் குற்றமாக நினைப்பதில்லை. கொல்லவில்லையே, விட்டுத்தானே வந்தோம் என்பார்கள். வீட்டுச் சோற்றுக்குப் பழகிய மூன்று மாதக் குட்டி, தண்ணீரில்லாத பொட்டலில், நாய்களுக்கு நடுவே எத்தனை நாள் இருக்கும்? பசியாலும் தாகத்தாலும் வாடும் நிலையில் ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை! சாக்கின் விலைகூட இல்லை. ஆகவே சட்டத்தை நம்பி நான் வாதாடவில்லை. எலிக்காகப் பூனையை அழைத்தவர்கள் நாம். சைப்ரஸ் தீவில் மனிதனுக்கு அருகே பூனையைப் புதைத்திருந்த குழியொன்று சுமார் 9500 ஆண்டுப் பழமையானது என்று 2004-இல் அறிவித்தார்கள். தானியம் சேர்த்த நாளிலிருந்து உறவு. அப்படி வந்த விருந்தாளி, அவனுக்கென்று நாம் ஓர் இடம் காட்டாத குற்றத்துக்காக, அவனே தேடிக்கொண்ட இடத்தில் இருந்தான் என்று நாடு கடத்தப்படுகிறான். இதில் எங்கே நியாயம்? நண்பர்கள் தங்கள் வீட்டில், தெருவில் அடுத்த சாக்கு எடுக்கப்படும்போது ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: அதற்கு மண் வைத்தீர்களா?

கெடு முடிந்த நாளை யாரும் நினைவுபடுத்தவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. சாக்கு இப்போது குழிப்பலகையின் மேல் விரிப்பாகக் கிடக்கிறது. குட்டி அதில்தான் தூங்குகிறது. அக்காவுக்கு இது ஒன்பதாம் மாதம். நேற்று விடியலில் அப்பா பலகையை நகர்த்திவிட்டுக் குழிக்குள் கைவிளக்கை அடித்துப் பார்த்தார். பிறகு காலை இறக்கி உட்கார்ந்துகொண்டு, என் பக்கம் திரும்பாமலே கேட்டார்:

"மண்ணு மாத்திட்டியாம்மா?"